ஒலியை முந்திய ஊர்தியும் ஒரு பிடி ஈயமும்

வானில் பறக்கும் ஊர்தியைத் தமிழர் கற்பனையில் கண்டது நேற்று அன்று. வானூர்தியைப் பற்றிய குறிப்பு புறநானூற்றிலேயே உண்டு. அது செலுத்துவோன் இன்றி இயங்குவது, நல்வினை செய்தோர்க்கு வாய்ப்பது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வருவதோ வேறு வகை. சச்சந்தன் என்னும் அரசன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். விசயை அதனை இயக்கவும் பயில்கிறாள். முன்னது வினையால் வருவது. பின்னது கையால் செய்தது. விசயையின் துயரை எழுதிப் பக்கங்களை நிரப்பும் நாம், அந்தப் பொறியைச் செய்த கைவினைஞனைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதுண்டா? எத்தனை முறை அவன் அளந்து பார்த்தான், எங்கே எடையைக் கூட்டினான், எங்கே குறைத்தான் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை எனக்குக் கற்பித்தது ஒரு பிளாஸ்டிக் விமானம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய அந்த மாதிரியைச் செங்கற்பட்டில் எங்கள் இல்லத்துத் திண்ணையில் வைத்து உருவாக்கிய அனுபவத்தையே இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அது கான்கார்டு விமானத்தின் மாதிரி. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து படைத்த கான்கார்டு, 1969 மார்ச் 2 ஆம் நாள் துலூஸ் நகரில் முதன்முறையாக வானேறியது. 1976 சனவரி 21 ஆம் நாள் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அன்று இலண்டனிலிருந்து ஒன்று பஹ்ரைனுக்கும், பாரிசிலிருந்து மற்றொன்று ரியோ டி ஜெனிரோவுக்கும் புறப்பட்டன. ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 2,180 கி.மீ. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதே தொலைவைக் கான்கார்டு கடக்க 50 விநாடி போதும். பேருந்தில் நடத்துநர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் கடல் வந்துவிடும்.

இத்தகைய விமானத்தின் மாதிரி எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்த வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். என் தாய்மாமன் 1976 ஆம் ஆண்டின் இறுதியில் பிழைப்பை நாடிப் பஹ்ரைன் சென்றார். முகர்ரக் தீவில் உள்ள விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் அவர். கான்கார்டின் வயிற்றில் பெட்டிகளை அடுக்கிய கைகள் அவருடையவை. அதன் இருக்கை எந்த நிறம் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறையில் அவர் பம்பாய் வரை விமானத்திலும், அங்கிருந்து சென்னை வரை இரயிலிலும், பிறகு செங்கற்பட்டுக்கு மின்தொடர் வண்டியிலும் வந்து சேர்வார். இலண்டனிலிருந்து பஹ்ரைனுக்குக் கான்கார்டு நான்கு மணி நேரத்தில் வந்தது. பஹ்ரைனிலிருந்து மாமா வீடு வந்து சேர நான்கு நாள் ஆனது.

1979 ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது, மனாமா கடைவீதியில் வாங்கிய ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். மேலட்டையில் நீலவானில் வெண்ணிற விமானம். “அடுத்த தடவை வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோம், தம்பி” என்றார். அடுத்த முறை அவருடைய தங்கையின் திருமணம். அதற்கடுத்த முறை வீட்டுக்குக் கூரை மாற்றும் வேலை. வளைகுடாவுக்குச் சென்றோர் வீடுகளில் விடுமுறை என்பது பெயரளவில்தான்; அந்த நாற்பது நாளில் ஓர் ஆண்டின் கடமைகள் அனைத்தும் வரிசையில் நின்றிருக்கும். பெட்டி பரணில் ஏறியது. மாமா ஊரோடு வந்துவிட்ட பின்பும் அது இறங்கவில்லை. அவர் கடை வைத்தார். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன்.

2023 ஆம் ஆண்டில் மாமாவின் கண்களில் நீரழுத்த நோய் முற்றியிருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். இந்நோயில் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும். இழந்த பார்வை மீளாது. மருந்தால் எஞ்சியதைக் காக்கலாம், அவ்வளவே. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை மாமா வேறெதுவும் பேசவில்லை. “அந்தப் பெட்டியை இறக்கிடு. கண்ணு இருக்கும்போதே செஞ்சிடலாம்” என்று மட்டும் சொன்னார்.

பெட்டியைத் திறந்தோம். வெள்ளை பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய் தொங்குவதுபோல, உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உடற்பகுதி இடம் வலம் என இரண்டு பாதி. சிறகு மேல் கீழ் என இரண்டு தட்டு. பொறிக்கூடுகள், சக்கரங்கள், மூக்கு. அளவு விகிதம் 144-இல் ஒன்று. உண்மை விமானத்தின் ஓர் அடி, மாதிரியில் ஓர் அங்குலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. 61.66 மீட்டர் நீளமுள்ள விமானம் 43 செ.மீ. அளவில் அடங்கிவிடுகிறது, 25.6 மீட்டர் சிறகு விரிவு 18 செ.மீ. ஆகிறது.

விகிதத்தைக் கையில் பிடித்த பிறகுதான் சில உண்மைகள் உறைக்கின்றன. மீயொலி வேகத்தில் காற்று அழுந்தி வெப்பமேறுவதால், கான்கார்டின் மூக்கு நுனி 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். வெளிக்காற்றோ உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும். அலுமினியக் கலவையாலான உடல் அந்த வெப்பத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. நீண்டு, வேகம் தணிந்ததும் மீண்டும் சுருங்கும். எங்கள் மாதிரியில் அந்த நீட்சி ஒன்றரை மி.மீ. கூட இல்லை, நகக்கண்ணின் அளவு. ஆயினும் அந்த நகக்கண் அளவுக்கு இடம் விடாமல் உண்மை விமானத்தைக் கட்டியிருந்தால், அது முதல் பயணத்திலேயே தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கும். வெண்ணிறம் பூசியதும் அழகுக்காக மட்டும் அன்று. வெப்பத்தை வெளியேற்றும் பொருட்டே.

வேலை தொடங்கியது. முதலில் உறுப்புகளை இளஞ்சூடான சோப்பு நீரில் கழுவினோம்; வார்ப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசையும் பிடிக்காது, வண்ணமும் நிற்காது. நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கி, மெல்லிய உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். இதற்குரிய பசை நாம் தாளுக்குப் பூசும் பசை போன்றது அன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று கலக்கச் செய்து, பின் ஆவியாகிப் போய்விடுகிறது. காய்ந்தபின் அங்கே பசை இல்லை. இணைப்பு மட்டுமே இருக்கிறது. தான் மறைந்து பிறவற்றைச் சேர்த்து வைக்கும் இதன் இயல்பை நல்லாசிரியருக்கு உவமையாகச் சொல்லலாம்.

செய்முறைத் தாளை நான் படிப்பேன். மாமா விரலால் படிப்பார். நான் கண்ணால் பார்த்து ‘சமமாகிவிட்டது’ என்று சொன்ன இணைப்பை அவர் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். “இன்னும் மேடு இருக்கு” என்பார். இருக்கும். சிறகும் உடலும் சேரும் இடத்தில் இருந்த இடைவெளியைப் பூச்சுமாவால் அடைத்து, ஐந்து நாள் தேய்த்தோம். அந்தச் சிறகின் வளைவை விரல் வழியே அறிந்தபோதுதான் அதன் நுட்பம் புலப்பட்டது. முன்விளிம்பு நேர்கோடு அன்று. மூக்கருகே மெலிந்து தொடங்கி, மெல்ல அகன்று, பின் முனையில் மீண்டும் வளைகிறது. வாலில் கிடைச்சிறகு இல்லை. விரைந்து செல்ல மெலிந்த சிறகு வேண்டும்; மெல்ல இறங்க அகன்ற சிறகு வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளுக்கும் ஒரே கோட்டில் விடை எழுதியிருக்கிறார்கள். இறங்கும்போது விமானம் தலையை மிக உயர்த்தியே வரவேண்டியிருந்ததால், விமானிக்கு ஓடுபாதை மறைந்துவிடும். எனவே மூக்கையே 12.5 பாகை கீழே சாய்த்தார்கள். எங்கள் மாதிரியிலும் மூக்கு சாயும். மாமா அதனைச் சாய்த்தே வைக்கச் சொன்னார். “நான் பார்த்தப்பல்லாம் அது தலை குனிஞ்சுதான் வந்துச்சு.”

உடலின் இரு பாதிகளையும் சேர்ப்பதற்கு முன் ஒரு சிக்கல் எழுந்தது. முக்கோணச் சிறகின் பெரும்பகுதி பின்னால் இருப்பதால், சக்கரங்களில் நிறுத்தினால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். மூக்கினுள் எடை வைத்தே மூடவேண்டும். குழியோ சுண்டுவிரல் நுழையும் அளவுதான். இரும்பு ஆணிகள் போதவில்லை, ஈயமே வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? மாமாவே வழி சொன்னார்: “மாமல்லபுரம் போ. வலைக்காரங்ககிட்ட இருக்கும்.”

மறுநாள் இருவரும் பேருந்தேறினோம். கடற்கரைக் கோயிலுக்கு அருகில் உள்ள மீனவர் குப்பத்தில், மணலில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டோம். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் சிறு ஈயக்குண்டுகள் ஒரு பிடி கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். விமானத்துக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. “மேல மிதவை இருந்தா கீழ ஈயம் இருக்கணும். இல்லாட்டி வலை நிக்காது” என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அவருடைய சொல் கான்கார்டுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை அறிந்தால் வியப்பீர்கள். விமானம் ஒலிவேகத்தைக் கடக்கும்போது, அதனைத் தாங்கும் காற்றழுத்தத்தின் மையம் பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. எடையின் மையம் பழைய இடத்திலேயே இருந்தால் மூக்கு கீழே கவிழும். அதனால் கான்கார்டு தன் எரிபொருளில் ஏறத்தாழ 20 டன்னை முன்தொட்டிகளிலிருந்து பின்தொட்டிக்கு இறைத்துக்கொண்டது. வேகம் தணியும்போது மீண்டும் முன்னே இறைத்தது. வலைக்கு ஈயம் எதுவோ, அந்த விமானத்துக்கு எரிபொருள் அது: எரிவதற்கு முன் நிறையாகவும் நின்று உதவியது. வேகத்தின் சிறப்பைப் பாடுவோர் பலர். வேகத்தைச் சாயாமல் நிறுத்தும் நிறையைப் பாடுவோர் யார்?

வந்த வழியே ஐந்து ரதங்களையும் பார்த்தோம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பு அவை. ரதம் என்று நாம் அழைத்தாலும் அவை தேர்கள் அல்ல. மரத்தால் அக்காலத்தில் கட்டிய கட்டடங்களின் வடிவைக் கல்லில் காட்டிய மாதிரிகள் என்று கலை வரலாற்றறிஞர்கள் கருதுகின்றனர். மரம் மக்கிப் போயிற்று, மாதிரி நிற்கிறது. உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியதால் சிலவற்றின் அடிப்பகுதி முற்றுப்பெறாமலே இருக்கிறது. மாமா, உரிய தொலைவில் நின்று, குறுகிய பார்வையை மெல்ல மெல்ல நகர்த்தித் தர்மராஜ ரதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சிற்பி செதுக்கிய வரிசையும் அதுவே. சிற்பி வேண்டாததை நீக்கி உருவைக் காண்கிறான். நாங்கள் வேண்டியதைச் சேர்த்து உருவைக் கண்டோம். வழி வேறாயினும் அளவு ஒன்றே அடிப்படை. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு முழு உருவையும் வகுக்கும் தாளக் கணக்கை மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் பயிற்றுவிக்கின்றனர். பெரியதைச் சிறியதில் அறிவது நமக்குப் புதிதன்று.

வண்ணம் பூசும் நாளுக்காகக் காத்திருந்தோம். கடலுக்கு அண்மையில் உள்ள ஊர்களில் ஈரக்காற்று வீசும் நாளில் வண்ணம் பூசினால் வெண்மை மங்கிப் பூத்துப்போகும். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வறண்ட காற்று வந்த ஒரு முற்பகலில் மூன்று மெல்லிய பூச்சுகள் பூசினோம். நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துப் படலங்கள் நாற்பது ஆண்டில் மஞ்சளேறிப் போயிருந்தன. அவற்றைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டியதும் மஞ்சள் வெளுத்தது.

பூச்சு காய்ந்த மாலைகளில் எங்களுக்குள் ஒரு வாதம் நிகழ்ந்தது. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. கான்கார்டு ஒலிவேகத்தை மிஞ்சிப் பறக்கும்போது முன்னேயுள்ள காற்றுக்கு விலக நேரம் இராது. அழுத்தம் திரண்டு, இடிபோன்ற ஓசையாய்த் தரையில் விழும். ஒலித்தடையை உடைக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அது கேட்கும் என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில், அவ்வேகத்தில் செல்லும் வழி முழுதும், பல பத்து கி.மீ. அகலத்துக்கு, அந்த இடி ஒரு பாய்போல் விரிந்துகொண்டே போகும். 1977 டிசம்பரில் பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கான்கார்டு சேவை தொடங்கியபோது, மூன்று முறை சென்று திரும்பியதோடு மலேசியாவின் எதிர்ப்பால் நின்றது. 1979 சனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பரில் முடிந்தது. இந்தியாவும் தன் வான்பரப்பில் மீயொலி வேகத்துக்கு இசையவில்லை. இரண்டு கான்கார்டுகளுக்கு முன்பதிவு செய்திருந்த ஏர் இந்தியாவும் பின்னர் அதனைக் கைவிட்டது. சிந்தாமணியின் மயிற்பொறியும் ஓசையால்தானே தாழ்ந்தது? பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு விசயை மயங்க, அது சுடுகாட்டில் இறங்கியது.

“நம் நாடு மறுத்தது சரியே” என்றேன் நான். “நூறு பேர் விரைந்து செல்வதற்காக, கீழே உறங்கும் குழந்தையும் மாடும் ஏன் அதிர வேண்டும்? ஏறாதவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?”

மாமா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: “நீ சொல்றது நியாயம்தான். ஆனா எங்க கொட்டகையில அது கிளம்புற சத்தத்தை வெச்சுத்தான் நாங்க நாளை எண்ணினோம். இன்னும் எத்தனை தடவை கேட்டா ஊருக்குப் போகலாம்னு நான் சுவத்துல கோடு போட்டு வெச்சிருந்தேன். ஏறினவங்களுக்குச் சன்னல் கிடைச்சுது. எங்களுக்குச் சத்தமாவது கிடைச்சுதே.”

அவருடைய சொல் என் நியாயத்தை முறியடிக்கவில்லை. இன்றும் நான் அந்தக் கருத்தில் நிற்கிறேன். ஆயின் அதற்கு ஒரு நிறை சேர்ந்தது. தரையில் இருப்பவனுக்காக வழக்காடும்போது, அவன் அந்த ஓசையில் எதைக் கேட்டான் என்று அவனையே கேட்க வேண்டும் என்பது அன்று விளங்கியது. ஒரு தொழிலாளி தன் ஏக்கத்தை அளக்கக் கிடைத்த அளவுகோல், உலகின் மிக விரைவான பயணிகள் விமானங்களுள் ஒன்று! அது அத்தனை விரைந்தும் அவருடைய இரண்டு ஆண்டு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

கான்கார்டுகள் மொத்தம் 20 மட்டுமே கட்டப்பட்டன. பயணிகள் சேவையில் ஈடுபட்டவை 14. 2000 சூலை 25 ஆம் நாள் பாரிசில், ஓடுபாதையில் கிடந்த சிறு உலோகப் பட்டை ஒன்று சக்கரத்தைக் கிழிக்க, விமானம் தீப்பற்றி வீழ்ந்து 113 உயிர்கள் மாண்டன. 2003 அக்டோபர் 24 ஆம் நாளோடு பயணிகள் சேவை முடிந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. இடியோசையைத் தணித்து அவ்வேகத்தை மீட்கும் ஆய்வு அமெரிக்காவில் நடைபெறுகிறது. 2025 சனவரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் சோதனை விமானம் ஒலிவேகத்தைக் கடந்தது.

எங்கள் விமானம் ஏழு வாரத்தில் முடிந்தது. மூக்கில் மாமல்லபுரத்து ஈயம் இருப்பதால் அது மூன்று கால்களிலும் நிமிர்ந்து நிற்கிறது. மாமாவின் பார்வை இப்போது நடுவில் ஒரு நாணயத்தளவே. அவர் அதனைக் கையில் எடுத்து, சாய்ந்த மூக்கிலிருந்து வால் வரை விரலோட்டுவார். சிறகின் அடியில், பெட்டிகளை ஏற்றும் கதவு இருந்த இடத்தில், விரல் சற்று நிற்கும்.

மாணவச் செல்வங்களே! ஒரு பொருளைப் பற்றிப் படிப்பதற்கும் அதனைக் கையால் செய்து அறிவதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. அத்தொலைவை விரைந்து கடக்க எந்த ஊர்தியும் இல்லை. தேய்த்துத் தேய்த்துத்தான் கடக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் யாரோ ஒருவர் கடல் கடந்து கொண்டுவந்த பெட்டி ஒன்று திறவாமல் இருக்கலாம். அதனைத் தந்தவர் இருக்கும்போதே இறக்குங்கள். அவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் கண் காணாத மேட்டை அவருடைய விரல் காட்டித்தரும்.